கலங்கல் கடலில் காங்கிரீட் பார்: வடசென்னையில் ஸ்நார்கெலிங், ஸ்கூபா செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

முதலில் ஒரு வெள்ளைத் தட்டு வாங்குங்கள். முகக் கண்ணாடி, துடுப்புக் காலணி, சிலிண்டர் எல்லாம் பிறகு. பிளாஸ்டிக் தட்டு போதும், சுமார் 30 செ.மீ. அகலம் இருக்கட்டும். நடுவில் துளையிட்டுக் கயிறு கோத்து, அடியில் ஒரு ஈயக் குண்டு கட்டி, கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு போடுங்கள். படகின் நிழல் விழும் பக்கத்தில் மெல்ல இறக்கி, தட்டு கண்ணிலிருந்து மறையும்வரை எத்தனை முடிச்சுகள் போயின என்று எண்ணுங்கள். 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் இதே முறையில்தான் கடலின் தெளிவை அளந்தார். இன்றும் கடலாய்வுக் கப்பல்களில் இந்தத் தட்டு உண்டு.

வடசென்னையில் முக்குளிப்பா, திரும்புவதா என்பதைத் தட்டுதான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு முடிச்சுக்குள் மறைந்தால் நான் திரும்பிவிடுவேன். மூன்று, நான்கு என்றால் நல்ல நாள். ஆறு முடிச்சு கிடைத்தால் அந்த வாரம் முழுக்க அதையே பேசிக்கொண்டிருப்பேன். அந்தமானிலும் லட்சத்தீவிலும் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு இங்கே குதிப்பவர்களுக்கு முதல் ஐந்து நிமிடம் ஏமாற்றம்தான். இங்குள்ள நீர் பச்சை, சில நாள் பழுப்பு. அந்தப் பச்சைக்குள் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு காங்கிரீட் வளையமும் அதன் வாயில் ஒரு களவா மீனின் தடித்த உதடும் திடீரென்று தெரியும்போது கிடைக்கும் மகிழ்ச்சியே வேறு.

பார் என்பது என்ன

மீனவர்கள் கடலடியில் உள்ள பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள். சென்னைக்கு வடக்கே கடலடி பெரும்பாலும் மணலும் சேறும்தான். ஒட்டிக்கொள்ள உறுதியான பரப்பு இல்லாத இடத்தில் உயிரினங்கள் குறைவு. அதனால்தான் பனை மட்டை, தென்னை ஓலை, மரக்கிளை ஆகியவற்றைக் கல்லோடு கட்டிக் கடலில் இறக்கி மீனைக் கூட்டும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. தமிழ்நாட்டுக் கரையோரம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் மாநில மீன்வளத் துறையும் இறக்கிவரும் செயற்கைப் பார்கள் அதன் காங்கிரீட் வடிவம். முக்கோணக் கூண்டுகள், கிணற்று உறை போன்ற வளையங்கள், களவா மீன் ஒதுங்குவதற்கென்று துளையிட்ட பெட்டிகள் என்று சில வகைகள் இருக்கின்றன.

இறக்கிய சில வாரங்களிலேயே கொட்டலசு (பாறையில் ஒட்டி வளரும் கூரிய ஓட்டுயிர்) ஒட்டத் தொடங்கும். பிறகு ஆளி, மட்டி, பாசி, கடற்பஞ்சு. இவையெல்லாம் வருவதற்கு முன்பே மீன் வந்துவிடும், ஏனென்றால் அதற்கு முதலில் வேண்டியது இரையல்ல, ஒதுங்க ஒரு நிழல். எதைப் போட்டாலும் பாராகிவிடும் என்றும் நினைக்கக் கூடாது. அமெரிக்காவின் புளோரிடாவில் 1970களில் இருபது லட்சம் பழைய டயர்களைக் கட்டிக் கடலில் போட்டார்கள். கட்டு அவிழ்ந்து டயர்கள் உருண்டு அருகிலிருந்த இயற்கைப் பவளத்தையே நசுக்கின. இன்னும் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையில் கொட்டியிருக்கும் பாறைகளும் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும் பார் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு, வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தேங்கியது. மெரினா அகன்றது, ராயபுரத்துக் கரை கரைந்தது. அந்த அரிப்பைத் தடுக்க வந்தவைதான் இந்தக் கற்கள். அவற்றின் ஓரத்தில் மீன் திரிவது உண்மை. ஆனால் அலை உங்களைத் தூக்கிக் கல்லில் அடிக்கும், கொட்டலசு தோலைச் சீவிவிடும், கல்லிடுக்கில் பாயும் நீர் காலைப் பிடித்து இழுக்கும். கரையிலிருந்து நடந்துபோய்க் குதிக்கலாம் என்ற ஆசை வருவது இயல்பு. வேண்டாம். இந்த வழிகாட்டி முழுவதும் படகில் போவதைப் பற்றியது.

யாரைக் கேட்பது, எங்கே போகக் கூடாது

பாரின் இடம் தெரிந்தவர்கள் அங்கே தூண்டில் போடும் மீனவர்கள். ஜிபிஎஸ் கருவி இப்போது பைபர் படகுகளிலும் இருக்கிறது. ஆனாலும் மூத்தவர்கள் அத்திப்பட்டு அனல் மின் நிலையப் புகைபோக்கியையும் கரையில் வேறொரு அடையாளத்தையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து இடத்தைச் சொல்லிவிடுவார்கள். குப்பத்துக்குப் போய் முதலில் ஊர்ப் பெரியவர்களைப் பாருங்கள். பார் அவர்கள் பிழைக்கும் இடம். நீங்கள் குதிக்கும் இரண்டு மணி நேரம் அங்கே யாரும் தூண்டில் போட முடியாது. அதற்கான கூலியை அன்றைய டீசல் செலவோடு மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள், விட்டுக்கொடுக்கும் மீன்பாட்டையும் சேர்த்துப் பேசுங்கள். பயிற்சிக் கூடம் வழியாகப் போனாலும் படகுக்காரர் அதே குப்பத்தவரா என்று கேட்பது நல்லது. அப்படியிருந்தால் மற்றப் படகுகள் விலகிப் போகும்.

போகக் கூடாத இடங்களின் பட்டியல் இங்கே நீளம். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் ஆகியவற்றின் எல்லைக்குள்ளும் கப்பல் வரும் பாதையிலும் அனுமதியின்றி நுழையவே கூடாது. மீன்பிடித் துறைமுக வாய்களும் அப்படித்தான், விசைப்படகின் விசிறி தண்ணீருக்குள் இருப்பவரைப் பார்ப்பதில்லை. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தின் பக்கமும் வேண்டாம். அனல் மின் நிலையத்தின் சுடுநீரும் ஆலைக் கழிவும் அந்த வழியாகவே வெளியேறுகின்றன. 2010இல் காட்டுப்பள்ளியில் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அடர் உப்பு நீரைக் கடலில் விடுகிறது, அந்தக் குழாய்வாயையும் தவிர்க்க வேண்டும்.

எண்ணெயை மறக்க முடியாது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதில் கொட்டிய எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ளியதை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் மறுபடியும் எண்ணெய் பரவியது. நீர்மேல் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தாலோ, மண்ணெண்ணெய் வாடை அடித்தாலோ படகைத் திருப்புங்கள். சிலிண்டர்க் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரின் ரப்பரும் கெடும், நுரையீரலும் கெடும்.

எப்போது

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தப் பேச்சே வேண்டாம். புயல், சுழிக்கும் அலை, ஆற்று வெள்ளம் எல்லாம் ஒன்றாக வரும் காலம் அது. ஜனவரியில் வாடைக் காற்று அடங்கினால் கடல் மெல்லத் தெளியும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் என் கணக்கில் சிறந்த காலம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்பதால் இழுவை மடி சேற்றைக் கிளறுவதில்லை, போக்குவரத்தும் குறைவு. சிறிய பைபர் படகுகள் அப்போதும் போகும். காற்று ஒத்துழைக்கும் நாளாகப் பார்த்துக்கொண்டால் தடைக்காலத்தின் முதல் வாரங்கள் எனக்குப் பிடித்தவை.

மழை பெய்தால் குறைந்தது மூன்று நாள் பொறுங்கள். நகரத்துக் கால்வாய்களின் கழிவு மழையோடு கடலுக்கு வந்துவிடும், காதுக்கும் வயிற்றுக்கும் அது ஆகாது. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், காற்று, நீரோட்டம் ஆகியவற்றை முன்கூட்டியே அறிவிக்கிறது. முந்தைய இரவு அதைப் பாருங்கள். காலையில் படகுக்காரரின் முகத்தையும் பாருங்கள். அறிவிப்பு சரி என்று சொல்லி, அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினால் அவர் பக்கம் நிற்பதே புத்தி.

நேரம் விடியற்காலை. கரைக்காற்று இருக்கும்வரை நீர்மட்டம் எண்ணெய் தடவியதுபோல் வழவழப்பாக இருக்கும். முற்பகல் கடந்து கடற்காற்று ஏறிவிட்டால் சிற்றலைகள் எழும்பும், படகில் ஏறுவதே போராட்டமாகிவிடும். ஆறு மணிக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்குள் கரை திரும்புங்கள். காலையில் இரண்டு இட்லி போதும். நெய்ப் பொங்கல் சாப்பிட்டு வந்த நண்பர் ஒருவர் அதை மீன்களுக்கே திருப்பித் தந்தார்.

உடலும் பயிற்சியும்

மூச்சுக்குழாயோடு நீர்மேல் மிதந்து பார்க்கும் ஸ்நார்கெலிங்குக்குச் சான்றிதழ் தேவையில்லை, நீச்சல் தேவை. நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்கவும் முடிந்தால் சரி. சிலிண்டரோடு இறங்குவதற்கான திறந்த கடல் ஸ்கூபாச் சான்றிதழுக்கும் ஏறக்குறைய இதுதான் நுழைவுத் தேர்வு. அந்தச் சான்றிதழுக்குக் குறைந்த வயது 10. பெரியவர்களுக்கு அதன் ஆழ எல்லை 18 மீட்டர். சான்றிதழ் இல்லாமல் பயிற்றுநரின் கையைப் பிடித்து ஒருமுறை இறங்கிப் பார்ப்பதானால் 12 மீட்டரோடு நிறுத்துவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமும் புதுச்சேரியிலும் பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன.

மருத்துவப் படிவத்தில் பொய் எழுதாதீர்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காதுப்பறை அறுவை, கர்ப்பம் எதுவானாலும் மருத்துவரின் எழுத்து வேண்டும். சளி இருந்தால் அன்றைக்கு இல்லை, அவ்வளவுதான்.

பொருட்கள்

முகக் கண்ணாடியைப் பட்டை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கை எடுத்த பின்பும் ஒட்டி நின்றால் அது உங்களுடையது. மீசைக்காரர்கள் மூக்குக்குக் கீழே சிறிது மழித்துக்கொள்ள வேண்டியிருக்கும். மனமில்லையென்றால் அவ்வப்போது நீரை ஊதித் தள்ளப் பழகுங்கள். புதுக் கண்ணாடியின் உட்புறத்தைப் பற்பசையால் தேய்த்துக் கழுவினால் பனிமூட்டம் குறையும்.

இங்கு நீரின் வெப்பம் பெரும்பாலும் 27 முதல் 30 டிகிரி. குளிருக்காக இல்லாவிட்டாலும் முழுக்கை, முழுக்கால் உடை கட்டாயம். சொறி எனப்படும் ஜெல்லி மீனிடமிருந்தும் கொட்டலசிடமிருந்தும் அதுதான் காக்கும். கூடவே கம்பியும் நைலான் நரம்பும் வெட்டும் சிறு வெட்டி, நீர்மேல் நிறுத்தும் ஆரஞ்சு நிற மிதவை, விசில், திசைகாட்டி. படகில் சிவப்பில் வெள்ளைப் பட்டை சாய்ந்தோடும் முக்குளிப்புக் கொடி. கொடியின் பொருள் மற்றப் படகுக்காரர்களுக்குத் தெரியும் என்று நம்பிவிட வேண்டாம், படகில் ஒருவர் எப்போதும் கை காட்ட விழித்திருக்க வேண்டும்.

வாடகைக் கருவியை நீங்களே சோதியுங்கள். ஒருமுறை எனக்குக் கிடைத்த ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியில் மயிரிழை விரிசல் இருந்தது. கரையில் தெரியவில்லை. நான்கு மீட்டரில் ஒவ்வொரு மூச்சோடும் உப்புநீர் வந்தது. அன்றிலிருந்து ரப்பரை வளைத்துப் பார்க்காமல் வாயில் வைப்பதில்லை.

மேலே மிதந்து பார்ப்பவர்களுக்கு

ஸ்நார்கெலிங் செய்வோருக்கு நேர்மையாக ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். பாரின் உச்சி நீர்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டர் கீழே, தட்டு மறைந்தது மூன்று மீட்டரில் என்றால், நீங்கள் பார்க்கப்போவது பச்சை நிறம் மட்டும். தட்டின் ஆழம் பாரின் உச்சியைவிட அதிகமாக இருக்கும் நாளில்தான் ஸ்நார்கெலுக்குப் பொருள் உண்டு. மற்ற நாட்களில் மிதவைக் கயிற்றைச் சுற்றி மேல்நீரில் திரியும் முரல் கூட்டத்தைப் பார்க்கலாம். அதுவும் மோசமில்லை.

படகிலிருந்து மிதவைக்கு ஒரு கயிறு, மிதவையிலிருந்து நீரோட்டத் திசையில் இன்னும் முப்பது மீட்டர் கயிறு மிதக்கவிடுங்கள். ஓய்ந்துபோனால் பிடித்துக்கொள்ள அது உதவும். மிதவைச் சட்டையை அரைகுறையாக ஊதி அணியுங்கள். முதலில் நீரோட்டத்துக்கு எதிராக நீந்திவிட்டு, திரும்பும்போது அதன் போக்கில் வாருங்கள். குழாயில் நீர் புகுந்தால் பதறாமல் 'டூ' என்று பலமாக ஊதினால் போதும்.

மூச்சடக்கிக் கீழே போகிறவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். குதிக்கும் முன் வேகவேகமாக மூச்சை இழுத்துவிடாதீர்கள். அதனால் ஆக்சிஜன் அதிகமாகாது, மூச்சு வேண்டும் என்று மூளையைத் தட்டி எழுப்பும் கரியமில வாயுதான் குறையும். எச்சரிக்கை வராமலேயே நினைவு தப்பும். ஒருவர் கீழே, ஒருவர் மேலே, அவர் கண் இவர்மேல்.

சிலிண்டரோடு இறங்குபவர்களுக்கு

காற்றின் கணக்கைக் கரையிலேயே போடுங்கள். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் (இந்தப் பார் வேறு, அளவுக்கானது) என்றால் 2,400 லிட்டர் காற்று. 50 பாரைத் தொடாமல் மிச்சம் வைத்தால் செலவுக்கு 1,800 லிட்டர். எட்டு மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 1.8 மடங்கு. நிலத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கும் நிதானமானவருக்கு அங்கே 36 லிட்டர் வேண்டும், ஆக 50 நிமிடம். படபடப்பில் 30 லிட்டர் இழுப்பவருக்கு 33 நிமிடம்தான். கலங்கிய நீரில் எல்லோரும் படபடப்பவர்களே. சிலிண்டர் 11 லிட்டர் என்றால் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

நங்கூரத்தைப் பாரின்மேல் போடாமல் பக்கத்து மணலில் போடச் சொல்லுங்கள். அந்தக் கயிற்றைப் பிடித்தபடியே இறங்குங்கள். மூன்று மீட்டர் தெளிவில் கயிறில்லாமல் இறங்கினால் மேல், கீழ் என்பதே குழம்பிவிடும். நீர்மட்டத்திலேயே காதைச் சமன்செய்யத் தொடங்கி, அரை மீட்டருக்கு ஒருமுறை மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுங்கள். வலித்தால் ஒரு மீட்டர் மேலே வாருங்கள், வலியோடு கீழே போகாதீர்கள். துணைவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காணவில்லையென்றால் ஒரு நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு இருவருமே மேலே வருவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஆழம் குறைவு என்பதால் எளிது என்று எண்ணாதீர்கள். பத்து மீட்டருக்குள்தான் காற்றின் கன அளவு மிக வேகமாக மாறும். எட்டிலிருந்து நான்கு மீட்டருக்கு ஏறினாலே மிதவைச் சட்டையிலுள்ள காற்று கால் பங்குக்கு மேல் விரியும். ஏறும்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றாவிட்டால் பந்துபோல் மேலே போய்விடுவீர்கள். மூச்சை ஒருபோதும் அடக்காதீர்கள். அழுத்தப்பட்ட காற்றை நெஞ்சில் பிடித்துக்கொண்டு ஒன்றரை மீட்டர் ஏறினாலே நுரையீரல் கிழியலாம்.

கீழே

மணலைக் கிளறாமல் மிதக்கக் கற்றுக்கொண்டால் பாதி வெற்றி. துடுப்பை ஒருமுறை சேற்றில் அடித்தால் அடுத்த பத்து நிமிடம் பின்னால் வருபவருக்கு எதுவும் தெரியாது. டார்ச்சை நேரே பிடித்தால் மிதக்கும் துகள்கள் மூடுபனிபோல் ஒளிரும். பக்கவாட்டில் தள்ளிப் பிடித்தால் சிப்பியின் ஊதாவும் கடற்பஞ்சின் செம்மையும் திரும்பக் கிடைக்கும், ஏனென்றால் இந்த ஆழத்திலேயே நீர் சிவப்பை விழுங்கிவிட்டிருக்கும். கண்ணாடி வழியே எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கரையில் வந்து சொல்லும்போது மீனின் நீளத்தைக் குறைத்துச் சொல்லுங்கள். யாரும் அப்படிச் செய்வதில்லை.

உறைக்குள் களவா, மேலே சங்கராவும் செப்பிலியும், ஓரத்தில் பாசி மேயும் ஒரா, வெளியே சுற்றிவரும் சீலா. பாறை மீனும் வரும், பாரில் பாறையைப் பார்த்தேன் என்றால் ஊர்க்காரர்கள் குழம்ப மாட்டார்கள். துளைக்குள் விரலை விடாதீர்கள், கடிக்கும் விலாங்கான அஞ்சாலை இருக்கலாம். எதையும் தொடாதீர்கள், எதன்மேலும் நிற்காதீர்கள். திருக்கையோ தேள் மீனோ குத்தினால் 45 டிகிரி வரை தாங்கக்கூடிய சுடுநீரில் முப்பது முதல் தொண்ணூறு நிமிடம் அமிழ்த்தி, மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோவது காபிக்கு மட்டுமல்ல.

உண்மையான எதிரி வலை. காங்கிரீட்டில் சிக்கிக் கைவிடப்பட்ட வலைகள் ஆண்டுக்கணக்கில் தாமாகவே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். நைலான் நரம்பு கண்ணுக்கே தெரியாது. ஒருமுறை என் சிலிண்டர் வாயில் ஒரு தூண்டில் நரம்பு மாட்டிக்கொண்டது. நான் திமிறத் திமிற இறுகியது. அசையாமல் நின்று துணைவரை அழைத்து வெட்டச் செய்ய அரை நிமிடம்கூட ஆகவில்லை, ஆனால் அதற்கு முன் திமிறிய இரண்டு நிமிடத்தில் 30 பார் காற்று போயிருந்தது. மாட்டினால் நில்லுங்கள், பின்னால் போங்கள், சுழலாதீர்கள். கூண்டுக்குள் நுழைந்து பார்க்கும் எண்ணம் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீருக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் வருவதால், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுகளால் பிரித்தறிய முடியாது. தொலைவில் போகும் கப்பல்கூடத் தலைக்கு மேல் இருப்பதுபோல் உறுமும். பயப்பட வேண்டாம், ஆனால் இறங்கிய கயிற்றிலேயே ஏறுங்கள். அது முடியாவிட்டால் மிதவையை முதலில் மேலே அனுப்பிவிட்டு ஏறுங்கள்.

ஏறுவதும் பிறகும்

100 பாரில் திரும்பத் தொடங்கி, நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மிகாமல் ஏறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். ஆழம் குறைந்த முக்குளிப்பிலும் இதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. பிறகு மூட்டு வலி, மரமரப்பு, தலைசுற்றல், காரணமில்லாத களைப்பு தெரிந்தால் தூய ஆக்சிஜன் கொடுத்து 108ஐ அழையுங்கள். கடலில் இருக்கும்போது ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554. இந்த அழுத்த நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை உள்ள மருத்துவமனை எது என்று பயிற்சிக் கூடத்தில் முன்பே கேட்டு எழுதி வைத்திருங்கள்.

ஒருமுறை முக்குளித்த பின் 12 மணி நேரமும் பலமுறை முக்குளித்த பின் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது. மலையும் அப்படித்தான். ஞாயிறு காலை எண்ணூரில் முக்குளித்துவிட்டு மாலையே ஏற்காட்டுக்கு வண்டியை ஓட்டாதீர்கள், அது 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

கருவிகளை நன்னீரில் அலசி நிழலில் காயவையுங்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. படகுக்காரரிடம் கீழே பார்த்ததைச் சொல்லுங்கள்: எந்தப் பக்கம் வலை சிக்கியிருக்கிறது, எந்த உறை சேற்றில் புதைந்துவிட்டது, களவா எத்தனை. பல ஆண்டுகளாக அந்தப் பாரில் தூண்டில் போடுகிறவர் ஒருவர், நான் தலையை வெளியே நீட்டியதும் கண்ணாடியைக்கூடக் கழற்றவிடாமல் கேட்டார்: "தம்பி, நம் கூண்டெல்லாம் நிற்கிறதா, சாய்ந்து கிடக்கிறதா?" மூன்று நிற்கின்றன, ஒன்று சாய்ந்துவிட்டது என்றேன். எந்தத் திசையில் என்று கேட்டார். அதை நான் பார்த்து வைக்கவில்லை. அடுத்த வாரம் திசைகாட்டியோடு மறுபடி இறங்க வேண்டியதாயிற்று.